ஈரத்துக்கு ஒன்றரை கிலோ

கோவில்பட்டி
பங்குனி 20

அன்பு மகள் விஜிக்கு அப்பா பூவனநாதன் எழுதுவது. இங்கே உன் அம்மா முழு நலம், நான் முக்கால் நலம், அங்கே சீமையில், பெர்கனில் நீயும் மாப்பிள்ளையும் முழு நலமாக இருக்கச் செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நான் சொல்வது கோயிலில் இருக்கிற அம்மனை. வீட்டில் இருக்கிற செண்பகவல்லியை வேண்டி இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் எனக்கு ஒரு காரியமும் நடந்ததில்லை. நம் ஊரில் பூவனநாத சுவாமி கோயில் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் கொஞ்சம் யோசிப்பார், அம்மன் கோயில் என்றால் உடனே வண்டியைக் கிளப்புவார். எங்கள் இருவருக்கும் சாமி பெயரையும் அம்மன் பெயரையும் வைத்தவர்கள் அந்த நிலைமையையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. திருவிழாவுக்குக் கொடி ஏறப்போகிறது, ஊரெல்லாம் பந்தல். உங்கள் ஊரில் தினமும் மழை என்று சொல்கிறாய், இங்கே கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, அந்த மழையில் ஒரு நாளைக்கு உண்டானதை யார் கையிலாவது கொடுத்து அனுப்பு.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், உன் அம்மா பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பாள், நான் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. தபாலில் போட்டால் உன் கைக்கு வந்து சேரப் பதினைந்து நாளாவது ஆகும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள், கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. நீ கோபப்படுவதற்கு முன்னால் எனக்குப் பதினைந்து நாள் கிடைக்கிறதே. ஆமாம், கோபப்படுகிற சங்கதிதான். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்து அவள் கோபப்பட்டும் முடித்துவிட்டாள், ஒரு வாரம் எனக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. நானே உனக்கு எழுத வேண்டும் என்பதும் அவள் போட்ட தீர்ப்புதான், ஆனால் என்ன எழுதுவது என்பது என்னுடையது.

ஆவணியில் எனக்கு மூச்சு வாங்கி, கால் வீங்கி, திருநெல்வேலியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்களே, நீ கூட அடித்துப்பிடித்து விமானம் ஏறி வந்து உன் லீவு முழுவதையும் ஆஸ்பத்திரி வராந்தா நாற்காலியிலேயே கழித்தாயே, அப்போது எனக்கு நான்கு மாத்திரை எழுதினார்கள் அல்லவா. இதயம் இறைக்கிற சக்தி முப்பது சதவீதம்தான் இருக்கிறது, இந்த நாலும் சேர்ந்துதான் அதைத் தூக்கிவிடும், முதலில் சின்ன அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று டாக்டர் உன்னிடமும் சொன்னார். நீ போன பிறகு என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. மாதா மாதம் போவேன், கூட்டலாமா என்று டாக்டர் கேட்பார், வேண்டாம் சார் நல்லாத்தான் இருக்கேன், கூட்டினால் தலை சுற்றும் என்பேன், வெளியே நூறு பேர் காத்திருப்பார்கள், சரி அப்படியே இருக்கட்டும் என்று அவரும் அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிடுவார். ஐந்து மாதம் இப்படியே ஓடியது. இதற்கு நடுவே வேறொரு கூத்து. அந்த நாலில் ஒன்று சர்க்கரை வியாதிக்கும் கொடுக்கிற மாத்திரையாம். மெடிக்கலில் நான் அதை வாங்கியதை யாரோ பார்த்து, பூவனநாதன் அண்ணாச்சிக்குச் சுகர் வந்துவிட்டது என்று பஜார் முழுக்கச் சொல்லி, டீக்கடையில் நான் கேட்காமலே சீனி போடாத டீ வர ஆரம்பித்துவிட்டது. இதயத்துக்காகத்தான் சாப்பிடுகிறேன் என்று நான் கடை கடையாக விளக்கினேன், எல்லோரும் பாவம் என்பதுபோலத் தலையாட்டினார்கள், டீ மட்டும் இனிக்கவேயில்லை.

தை மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு புது ஏற்பாடு வந்தது. இப்படி மாத்திரை ஏறாமல் ஒரே படியில் உட்கார்ந்திருக்கிற ஆட்களையெல்லாம் பார்த்துக்கொள்ள பிரேமலதா என்று ஒரு நர்ஸைப் போட்டார்கள். வியாழக்கிழமை தவறாமல் போன் செய்வாள். பிரஷர் எவ்வளவு, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, காலை எடை எவ்வளவு, எல்லாம் கேட்டு டாக்டரிடம் சொல்லி மருந்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வாள். தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் வியாழக்கிழமைக்குக் காத்திராமல் உடனே கூப்பிட வேண்டும் என்றாள். எடை பார்ப்பதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்தேன். கடையில் மூட்டை நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது, வருஷா வருஷம் முத்திரை போட்டது, இருபத்தைந்து வருஷமாக எடை போடுகிற இசக்கிதுரை இருக்கிறான். காலையில் கடை திறந்ததும் நான் மேலே ஏறி நிற்பேன், அவன் மூட்டைக்குக் கூவுகிற அதே குரலில் தெரு முழுக்கக் கேட்கும்படி என் எடையைக் கூவுவான். எதிர்க்கடை ஆட்கள் முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் அண்ணாச்சி இன்னைக்கு என்ன வெலைக்குப் போறாரு என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இனிமேல்தான் சங்கதி. நீ கடையில் வளர்ந்தவள், உனக்குத் தெரியும். உளுந்தோ மக்காச்சோளமோ வத்தலோ, மூட்டை தராசில் ஏறினால் காட்டுகிற எடையை அப்படியே எழுதுகிற வழக்கம் நம் மண்டியில் கிடையாது. சாக்குக்குக் கொஞ்சம், தூசி கல்லுக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம் என்று கழிவு போட்ட பிறகுதான் பேனா நோட்டில் படும். முதல் நாள் இசக்கிதுரை அறுபத்தெட்டு இருநூறு என்று கூவினான், என் வாய் தன்னால் சொல்லிவிட்டது, எழுநூறு கழி என்று. எதற்கு அண்ணாச்சி என்றான். வேட்டிக்கு முந்நூறு, பனியனுக்கு நூறு, குடித்த காப்பிக்கு முந்நூறு என்றேன். நியாயந்தானே என்று அவனும் அறுபத்தேழரை என்று எழுதினான். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு என் மனதில் ஒரு கள்ளமும் கிடையாது. நாற்பது வருஷப் பழக்கம், தராசைக் கண்டால் கழிக்காமல் இருக்க முடியவில்லை. வேண்டுமானால் வியாதி என்று வைத்துக்கொள், அதற்கு மாத்திரை இன்னும் வரவில்லை.

ஆனால் தை கடைசியில் எடை ஏற ஆரம்பித்தது. பொங்கல் முடிந்த கையோடு ஒருவர் சாத்தூர் காரச்சேவு கொண்டுவந்து கொடுத்தார், அதற்குத் துணையாக மோர்மிளகாய் இருந்தது, உப்பைக் குறைக்கச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது, நாக்குக்கு இல்லை. உன் அம்மா டப்பாவைப் பிடுங்கிக்கொண்ட பிறகு கடம்பூர் போளிக்கு மாறினேன், போளியில் உப்பு எங்கே இருக்கிறது என்று வாதாடி அதில் மட்டும் ஜெயித்தேன். அறுபத்தொன்பது இருநூறு வந்தது. வேட்டி வேட்டிதான், காப்பி காப்பிதான், அதற்கு மேல் எதைக் கழிப்பது. ஈரத்துக்கு ஒரு கிலோ கழி என்றேன். இசக்கிதுரை பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். ஈரப் பொருளை அப்படியே எடை போடுவியாலே என்று ஒரு அதட்டுப் போட்டேன், எழுதிவிட்டான். அப்புறம் ஈரத்துக்கு ஒன்றரை, இரண்டு. தராசு எழுபதைத் தாண்டியது, நோட்டில் மட்டும் நான் அறுபத்தேழரையிலேயே நின்றேன். செருப்பு வார் காலைப் பிடித்தது, செருப்பு சுருங்கிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன், அவர் என் பாதத்தைப் பார்த்துவிட்டு ஒரு சைஸ் பெரிய செருப்பை எடுத்து வைத்தார்.

இதை ஏன் செய்தேன் என்று கேட்பாய். தீப்பெட்டி ஆபீஸ் சங்கரபாண்டி அண்ணாச்சியை உனக்கு நினைவிருக்கும், உனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். அவருக்கும் இதயந்தான். ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு நாலானது, நாலு ஆறானது, அடுத்த மாதம் மாலையோடு நாங்கள் போய் நின்றோம். மாத்திரை கூடினால் ஆயுசு குறைகிறது என்று அன்றைக்கே என் மனதில் பதிந்துவிட்டது. எடை ஏறியிருக்கிறது என்று சொன்னால் மருந்தைக் கூட்டுவார்கள், மருந்து கூடினால் நீ கேள்விப்படுவாய், கேள்விப்பட்டால் மறுபடியும் அந்த நாற்காலிக்கு ஓடி வருவாய். ஆகவே நோட்டில் நல்ல பிள்ளையாக இருந்துவிடுவோம், அவர்கள் மருந்தைத் தொடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை பிரேமலதா போன் செய்தாள். என்ன சொன்னாள் தெரியுமா, எடை சொவரு மாதிரி நிக்கி அண்ணாச்சி, ரொம்ப நல்லது, நீங்க நல்லா இருக்கதாலதான் இப்ப ஒரு மாத்திரைய அடுத்த படிக்குக் கூட்டுதோம் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நன்றாக இருக்கிறவனுக்கு மருந்தைக் கூட்டுவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. புது அட்டையை வாங்கி வந்தேன், வாங்கி வந்து கடை மேஜை டிராயரில் போட்டுவிட்டுப் பழைய அளவையே தின்றேன். கேட்டால், போட்டுக்கிட்டேம்மா என்றேன்.

மாசி நடுவில் நேரில் வரச் சொன்னார்கள், மாத்திரைகளையெல்லாம் பையில் போட்டு எடுத்துவரச் சொன்னாள். உன் அம்மாவுக்கு அன்று சொந்தத்தில் ஒரு கல்யாணம், இசக்கிதுரை துணைக்கு வந்தான். பிரேமலதா என்னை அவர்கள் தராசில் ஏற்றினாள், எழுபத்தொன்று அறுநூறு. நோட்டைப் பார்த்தாள், அறுபத்தேழரை. நான் விடவில்லை, உங்க தராசுக்கு முத்திரை போட்டு எத்தனை வருஷம் ஆச்சும்மா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு இசக்கிதுரையிடம், நீங்கதான் எழுதுதீங்களா அண்ணே என்று கேட்டாள். அவன் அரிச்சந்திரன் வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரன் அல்லவா, ஆமாம்மா, மொதலாளி சொன்ன கழிவப் போட்டுத்தான் எழுதுதேன், மொத நாளு வேட்டிக்கும் காப்பிக்கும் மட்டுந்தான், பொறவு ஈரத்துக்கு ஒரு கிலோ, ஒண்ணர கிலோன்னு கழிவு கூடிக்கிட்டே போச்சு, நேத்தைக்கு மூணு கிலோ என்று ஒப்பித்துவிட்டான். அவள் நோட்டை மூடி வைத்தாள். அண்ணாச்சி, நான் தெனமும் நிறுக்கச் சொன்னதே அந்த ஈரத்தைக் கண்டுபிடிக்கத்தான், அதப் போயி கழிச்சிட்டீங்களே என்றாள். அதோடு விட்டாளா, எங்க அப்பா எப்போதும்வென்றான் ஊர்லேர்ந்து உங்க கடைக்குத்தான் உளுந்து கொண்டாருவாவ, அவியகிட்ட ஈரத்துக்குக் கழிச்சீங்க, சரி, யாவாரம், எங்கிட்டயுமா கழிக்கணும் என்றாள். இசக்கிதுரை ஜன்னல் வழியே வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

பிறகு பையைக் கொட்டினாள், பிரிக்காத அட்டை விழுந்தது, டிராயரில் கிடந்ததையும் இசக்கிதுரை சேர்த்து அள்ளிப் போட்டிருக்கிறான். அதை எடுத்துப் பார்த்தவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. உடம்பில் தண்ணீர் சேர்ந்து கிடக்கும்போது அந்த மாத்திரையைக் கூட்டியிருக்கவே கூடாதாம், தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டுமாம். நோட்டை நம்பிக் கூட்டச் சொன்னோம், நீங்க அதப் போட்டிருந்தா இன்னைக்கு நடந்து வந்திருக்க மாட்டீங்க அண்ணாச்சி, ஆம்புலன்ஸ்ல வந்திருப்பீங்க என்றாள். அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். எடையில் சொன்ன பொய்யிலிருந்து மாத்திரையில் சொன்ன பொய் என்னைக் காப்பாற்றியிருக்கிறது விஜி, யாருக்கும் இப்படி ஒரு அதிர்ஷ்டம் வாய்க்க வேண்டாம். அப்போதுதான் சங்கரபாண்டி அண்ணாச்சி கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். அவியளுக்கு என்ன மருந்து கொடுத்தாவன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கு இந்த நாலும் சீக்கு முத்தினதுக்குக் கொடுக்கிற மருந்து இல்ல, முத்தாம இருக்கதுக்குக் கொடுக்கிறது, மொத அளவு சும்மா ஒடம்பு பழகுறதுக்கு, பலன் மேல ஏற ஏறத்தான், மொத மழை பேஞ்ச ஒடனே போதும்னு எங்க அப்பா என்னைக்காவது அறுப்புக்கு ஆள் கூப்பிட்டிருக்காவளா என்று கேட்டாள். எப்போதும்வென்றான்காரியிடம் நான் என்ன பதில் சொல்லி ஜெயிப்பது.

நீர் போகிற மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு அதிகமாகக் கொடுத்தார்கள், ஒன்பது நாளில் மூன்று கிலோ இறங்கியது, பாத்ரூமுக்கும் எனக்கும் நடுவே வேறு உறவே இல்லாமல் போயிற்று. அதன் பிறகுதான் கூட்டினார்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொன்றைக் கூட்டினார்கள், நடுவில் இரண்டு தடவை இரத்தம் எடுத்துப் பொட்டாசியம் பார்த்தார்கள், இளநீரை நிறுத்து என்றார்கள், நிறுத்தியாயிற்று. பிரஷர் நூற்று நாலுக்கு இறங்கியது, முன்பு என்றால் அலறியடித்து மாத்திரையை நிறுத்தியிருப்பேன், தலை சுற்றவில்லை என்றால் இது போதும், படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருங்கள் என்றாள் பிரேமலதா. இரண்டு நாள் லேசாகச் சுற்றியது, சரியாகிவிட்டது. போன வாரம் ரயிலடி மேம்பாலத்தில் நிற்காமல் ஏறி இறங்கினேன். உன் அம்மா கீழே நின்று, காசி ராமேஸ்வரம் போய்விட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சித்திரை கடைசியில் மறுபடியும் எக்கோ எடுப்பார்கள், இதயத்தின் அந்த முப்பது சதவீதம் எவ்வளவு ஆகியிருக்கிறது என்று அப்போது தெரியும். கூடியிருக்கும் என்று அவள் சத்தியம் செய்யவில்லை, கூடுகிறவர்கள் நிறையப் பேர் என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது போதும்.

விஜி, ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும், உன் அம்மாவிடம் கூட இன்னும் சொல்லவில்லை. அறுபத்தாறு வயதாகிறது, பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது, எப்போது கூப்பிட்டாலும் நான் தயார் என்று பஜாரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவேன், நீயும் கேட்டிருப்பாய். அது பொய். கூட்டின மாத்திரையை முதன்முதலாகக் கையில் வைத்துக்கொண்டு சங்கரபாண்டி அண்ணாச்சியை நினைத்துக்கொண்டு நின்றேன், உன் அம்மா அடுப்படியில் யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு இருக்க வேண்டும் போலிருந்தது. இன்னும் ரொம்ப நாள் இருக்க வேண்டும் போலிருந்தது. விழுங்கிவிட்டேன். இத்தனை ஆசையை வைத்துக்கொண்டு எதற்குத் தயார் தயார் என்று சொல்லித் திரிந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது, உனக்கு எழுதும்போது மட்டும் வெட்கமாக இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா வளமும் பெற்று நீண்ட ஆயுளோடு இருக்க அம்மன் துணை இருப்பாள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. கோபம் தீர்ந்த பிறகு போன் செய், தீராவிட்டாலும் செய். செய்யும்போது அப்பா எப்படி இருக்கிறார் என்று இனி அம்மாவிடம் கேட்காதே, என்னிடம் கேள். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், அது கேட்க நன்றாக இல்லாத நாளிலும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் இருக்க ஆசைப்படும் உன் அப்பா,
பூவனநாதன்